டேலி டேட்டா: ஆடிட்டருக்கு ரிமோட், பென்டிரைவில் பேக்அப். இது போதுமா?

மஞ்சள்மண்டி:
ஈரோட்டில் மொத்த வியாபாரக் கடை. மூன்று கம்ப்யூட்டர். ஒன்றில் டேலிபிரைம் என்கிற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா (வின்டோஸ் 10 புரோ). மற்ற இரண்டு பில்லிங் மெஷினும் ஷேர்டு ஃபோல்டர் வழியாக அதே டேட்டாவில் வேலை செய்கின்றன. ஆடிட்டர் ரிமோட் டெஸ்க்டாப்பில் வருவதற்காக ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்திருக்கிறோம். ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான நம்பர் 3389 ஆபத்து என்றார்கள், 33890 என்று மாற்றியாகிவிட்டது. பேக்அப்புக்கு, சிபியூ பின்னால் எப்போதும் செருகியிருக்கும் 64 ஜிபி பென்டிரைவ். டேட்டா ஃபோல்டர் கூகுள் டிரைவிலும் சிங்க் ஆகிறது. பக்கத்துக் கடையில் எல்லா ஃபைலையும் லாக் செய்து பணம் கேட்கிறார்கள். எங்களிடம் ஓட்டை எங்கே? அதிகச் செலவில்லாமல் அடைக்க வழி சொல்லுங்கள்.

ரௌட்டர்காரன்:
அந்தப் போர்ட்டை இன்றைக்கே மூடுங்கள் சார், மற்றதெல்லாம் அப்புறம். நம்பரை மாற்றிப் பயனில்லை. ஸ்கேன் செய்கிற புரோகிராம் எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்க்கும். எந்த நம்பரில் இருந்தாலும் ரிமோட் டெஸ்க்டாப் பதில் சொல்கிற விதமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு 'அட்மினிஸ்ட்ரேட்டர்', 'டேலி', 'அக்கவுன்ட்ஸ்' போன்ற பெயர்களுக்கு பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போடுவார்கள். அட்மினாக உள்ளே வந்தவன் ஆன்டிவைரஸைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டுத்தான் லாக் செய்வான். ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்று இருக்க வேண்டாம்.

ரௌட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' அல்லது 'விர்ச்சுவல் சர்வர்' பக்கத்தில் உள்ள வரியை நீக்குங்கள். யுபிஎன்பி (புரோகிராம்கள் தாமாகவே போர்ட் திறக்க விடும் வசதி) ஆனில் இருந்தால் ஆஃப். ஆடிட்டருக்கு டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (உங்கள் மெஷின்களுக்குள் மட்டும் ஓடும் தனி இணைப்பு) போதும். டேலி மெஷினிலும் அவர் மெஷினிலும் நிறுவி, 100 என்று தொடங்கும் முகவரிக்கு ரிமோட் டெஸ்க்டாப் போடச் சொல்லுங்கள். வின்டோஸ் ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப் விதியைத் திறந்து 'ஸ்கோப்' தாவலில் 100.64.0.0/10 (டெயில்ஸ்கேல் முகவரிகள்) மட்டும் அனுமதியுங்கள். நாளைக்கு யாராவது மறுபடியும் போர்ட்டைத் திறந்தாலும் வெளியாள் நுழைய முடியாது. ஆடிட்டருக்குத் தனி யூசர், அட்மின் உரிமை இல்லாமல்.

இதுவரை யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்க்க ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாக். 4625 என்றால் தோற்றுப்போன லாகின் முயற்சி, அது ஆயிரக்கணக்கில் இருக்கும், பயப்பட வேண்டாம். 4624 (உள்ளே வந்துவிட்டார்கள்), லாகான் டைப் 10 (ரிமோட் டெஸ்க்டாப் வழியாக), நேரம் நள்ளிரவு என்று ஒன்று கிடைத்தால் அதுதான் கவலைப்பட வேண்டிய வரி.

பேரேடு:
பேக்அப் பக்கம் நான் சொல்கிறேன். செருகியே இருக்கும் பென்டிரைவ் பேக்அப் இல்லை. ஃபைலை லாக் செய்து பணம் கேட்கும் ரான்சம்வேர், டிரைவ் எழுத்து (டி, இ போல) உள்ள எல்லாவற்றையும் லாக் செய்யும். கூகுள் டிரைவும் லாக் ஆன ஃபைலைப் 'புதுசு' என்று நம்பி மேலே ஏற்றிவிடும். பழைய வெர்ஷன் 30 நாள் அல்லது 100 வெர்ஷன் வரை இருக்கும்தான். ஆனால் டேலி ஃபோல்டரில் குவிந்திருக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இழுப்பது பெரிய தலைவலி. போதாக்குறைக்கு, டேலி திறந்திருக்கும்போது அதே ஃபோல்டரை சிங்க் செய்வதே டேட்டா கெட வழி. அதை நிறுத்திவிட்டு, பேக்அப் ஃபைலை மட்டும் ஏற்றுங்கள்.

எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க் இரண்டு வாங்குங்கள். திங்கள், புதன், வெள்ளி ஒன்று. மற்ற நாள் இன்னொன்று. கடை சாத்தும்போது பில்லிங் மெஷின் இரண்டிலும் டேலியை மூடிவிட்டு, டேலி மெஷினில் ஆல்ட்+ஒய், பேக்அப். அன்றைய தேதியில் புது ஃபோல்டர். முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கடையில் இருக்கக் கூடாது.

மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் ரெஸ்டோர் செய்து பாருங்கள். அங்கே லைசென்ஸ் இல்லாவிட்டாலும் எஜுகேஷனல் மோடில் ரிப்போர்ட் தெரியும். டே புக்கில் கடைசி வவுச்சர் நம்பரும் ட்ரயல் பேலன்ஸும் ஒத்துப்போனால் சரி. டேலி மெஷினிலேயே ரெஸ்டோர் செய்து பார்க்காதீர்கள். நடப்பு டேட்டா மேலேயே எழுதிவிட்டால் இன்றைய பில் எல்லாம் போச்சு.

டேலிவால்ட் (டேலி டேட்டாவைப் பூட்டும் வசதி) பாஸ்வேர்டு போட்டிருந்தால் பேப்பரில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். மறந்தால் டேலி கம்பெனியாலும் திறக்க முடியாது.

மஞ்சள்மண்டி:
போர்ட்டை மூடிவிட்டேன். ஒரு சந்தேகம். டேட்டா ஃபோல்டர் ஷேரில் 'எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்' என்று இருக்கிறது. டேலி போட்டுக் கொடுத்தவர் அப்படித்தான் வைத்தார். அதை எடுத்தால் பில்லிங் நின்றுவிடுமா?

ரௌட்டர்காரன்:
எடுத்துவிட்டு வேறொன்று வைக்காவிட்டால் நிற்கும். பில்லிங் மெஷினுக்கு எழுதும் உரிமை வேண்டும். டேலி மெஷினில் 'பில்1', 'பில்2' என்று பாஸ்வேர்டுடன் இரண்டு யூசர் உருவாக்கி, ஷேரிங் தாவலிலும் செக்யூரிட்டி தாவலிலும் அந்த இருவருக்கு மட்டும் உரிமை கொடுங்கள். ஷேரிங்கில் 'சேஞ்ச்', செக்யூரிட்டியில் 'மாடிஃபை'. உங்கள் அட்மின் யூசரும் 'சிஸ்டம்' என்கிற வரியும் அங்கே இருக்கட்டும், அவற்றை எடுத்துவிடாதீர்கள். ஃபோல்டர் டேட்டா மட்டும் உள்ளதாக இருக்கட்டும், முழு டி டிரைவையும் ஷேர் செய்யாதீர்கள்.

அப்படிச் செய்தாலும் பில்லிங் மெஷினில் வைரஸ் வந்தால் டேட்டா லாக் ஆகும், அதை மறைக்கவில்லை. அதனால் அந்த இரண்டில் மெயில், வாட்ஸ்அப் வெப், பென்டிரைவ் எதுவும் வேண்டாம். டேலிபிரைம் சர்வர் வாங்கினால் ஃபோல்டர் ஷேரே தேவைப்படாது. அது தனிச் செலவு, மூன்று மெஷினுக்கு இப்போது அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

லேன்கேபிள்:
இரண்டு விஷயம் விட்டுப்போனது. வின்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 14 அக்டோபர் 2025-ல் முடிந்துவிட்டது. மெஷின் தாங்கினால் 11-க்கு மாற்றுங்கள். தாங்காவிட்டால் முதலில் மாற்ற வேண்டியது டேலி மெஷின்தான். கிராக் சாஃப்ட்வேர் எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். 'இன்ஸ்டால் செய்யும்முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்' என்று சொல்லும் எதையும் நம்ப வேண்டாம்.

காலையில் ஃபைல் பெயருக்குப் பின்னால் புது எழுத்து ஒட்டியிருந்தால் மூன்று மெஷினிலும் லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபை ஆஃப். பேக்அப் டிஸ்கைச் செருகவே செருகாதீர்கள், அதுவும் லாக் ஆகும். உடனே ஃபார்மேட் செய்யவும் வேண்டாம். லாக் ஆன ஃபைல் ஒன்றையும் மிரட்டல் குறிப்பையும் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் கொடுத்தால், அந்த வகைக்கு இலவசச் சாவி இருந்தால் காட்டும். சைபர்கிரைம் போர்ட்டலில் புகார் பதியுங்கள். வங்கிப் பணமும் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால், புகார் நகல் ஆடிட்டர் கையிலும் ஒன்று இருக்கட்டும்.