அவசரம்: கருநீலமா, கடுகு மஞ்சளா? சுவரில் இரண்டுமே நிறம் மாறித் தெரிகின்றன

வாசற்படி
நாளை காலை பெயின்டர் வந்துவிடுவார். படுக்கையறைக்குக் கருநீலம், கடுகு மஞ்சள் இரண்டில் ஒன்றை இன்றைக்குள் முடிவு செய்ய வேண்டும். ஷேடு கார்டில் இரண்டும் அழகாக இருந்தன. சுவரில் அருகருகே அடித்துப் பார்த்தால், நீலம் இரவில் கருப்பாகிவிடுகிறது; மஞ்சளில் பச்சை ஓடுகிறது. டப்பாவை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? எதை எடுப்பது?

தூரிகை
என்ன பல்பு? ஜன்னல் எந்தப் பக்கம்? எத்தனை கோட்?

நிலாமுற்றம்
பழைய சுவர் என்ன நிறம்? பிரைமர் அடித்தீர்களா?

தூரிகை
என்னைக் கேட்டால் பல்புதான் காரணம். மஞ்சளாக எரியும் 2700 கெல்வின் பல்பின் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. விழாத நீலத்தைச் சுவர் எப்படித் திருப்பித் தரும்? இன்னும் வெள்ளையாக எரியும் 4000 கெல்வின் பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

பழையவன் (மூத்த உறுப்பினர்)
தம்பி, இதை இங்கே பலமுறை விளக்கியிருக்கிறேன்; தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். அருகருகே அடித்ததே தவறு. பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் கருப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. வேதியியலாளர் செவ்ரெல் ஆராய்ந்து, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறங்களே கண்ணை ஏமாற்றுகின்றன என்று கண்டார். 1839-இல் நூலாகவே எழுதிவிட்டார்.

நிலாமுற்றம்
ஐயா, பக்கத்து நிறம் தன் எதிர்நிறத்தைக் கூட்டிக் காட்டும் என்ற அந்தக் கணக்குப்படி நீலத்தின் அருகில் மஞ்சள் இன்னும் மஞ்சளாகத்தானே தெரிய வேண்டும்? பச்சை எங்கிருந்து வந்தது? அடியில் இருக்கும் சுவரைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

கூடம்
எதற்குக் கருநீலம்? அறை குறுகிவிடும்.

தூரிகை
குறுகாது. என் அறை பத்துக்குப் பத்து, நான்கு சுவரும் நீலம். இரவில் மூலைகள் கரைந்து, சுவர் பின்னால் தள்ளிப் போனதுபோல் இருக்கிறது.

கூடம்
பகலில்?

தூரிகை
மாலை நான்கு மணிக்கே விளக்குப் போடுகிறேன். அதை மறுக்கவில்லை.

பழையவன் (மூத்த உறுப்பினர்)
நிறத்தின் எல்ஆர்வி எண்ணை, அதாவது அது எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்ற அளவைப் பார்த்தால் இந்த வாதமே வேண்டாம். கருப்பு 0, வெள்ளை 100. ஒற்றை இலக்கத்தில் இருந்தால் வெளிச்சத்தை விழுங்கத்தான் செய்யும்.

நிலாமுற்றம்
வாசற்படி, சுவரில் மேலும் அடிக்காதீர்கள். இரண்டு பெரிய வெள்ளை அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விட்டு, முழுதாகக் காய்ந்தபின் ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்துப் பாருங்கள். காலையில் ஒருமுறை, விளக்கொளியில் ஒருமுறை. பெயின்டரை ஒரு நாள் தள்ளி வரச் சொல்லுங்கள்.

வாசற்படி
பழைய சுவர் வெளிர்பச்சை. ஒரே கோட், பிரைமர் இல்லை. அட்டையில் பச்சை அறவே இல்லை. பிரைமர் அடித்து மஞ்சள்தான். நன்றி.