சாக்கு மூடிய சிலையும் பெயரில்லாத கல்லும்: வடஆற்காட்டில் பார்த்தவை

(அம்பேத்கர் சிலை, மயானப் பாதை, நினைவுக்கல் பற்றி நாலு தோழர்கள் பேசிக்கிட்டது. ஒவ்வொருத்தருக்கும் ஊரோ வேலையோதான் இங்கே பெயர்.)

குடியாத்தம் கிழக்கு:
பேரணாம்பட்டு பக்கம் ஒரு காலனி. ஊர் பேர் வேண்டாம், பேச்சுவார்த்தை இன்னும் முடியல. முச்சந்தியில் அம்பேத்கர் சிலை, தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் உரச்சாக்கு, மேல கயிறு. ஏப்ரல் 14 அன்னிக்கு ஒரு பாட்டி சாமந்திச் சரத்தைக் கயிற்று முடிச்சிலேயே செருகிட்டுப் போறாங்க. அது மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

நடந்தது இதுதான். சமாதானக் கூட்டத்தில் ‘அனுமதி கிடைக்கும் வரை மூடி வைக்கச் சம்மதம்’னு எழுதி வாங்கிட்டாங்க. கெடு தேதி எதுவும் போடல. இடமோ வண்டிப்பாதை புறம்போக்கு. பொதுச்சாலை, நடைபாதையில் சிலைக்கு அனுமதி தரக்கூடாதுன்னு 2013 ஜனவரி 18-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன உத்தரவை அதிகாரிங்க காட்டினா கோப்பு நகராது. கூட்டத்தில் கையெழுத்துப் போடுறவங்க எத்தனை நாளைக்குள் முடிவு, முடிவு யார் பொறுப்பு, ரெண்டையும் எழுதச் சொல்லணும். நகல் கையில் வாங்காம எழுந்திரிக்கக் கூடாது.

பாலாற்றங்கரை:
சிலைக்கு இவ்வளவு மெனக்கெடுறோம், சரி. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் பாலாற்றுப் பாலத்து மேலேயிருந்து தலித் ஒருத்தரோட சடலத்தைக் கயிறு கட்டி இறக்கினாங்களே, அந்த வீடியோவை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சுடுகாட்டுக்குப் போக வழி விடல. அப்புறம் தனி மயானத்துக்கு இடம் ஒதுக்கினாங்க. தனி மயானம்னு ஒதுக்கறதே பிரிவினைக்குத் துணை போறது ஆகாதான்னு உயர்நீதிமன்றம் கேட்டுச்சு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(இசட்.ஏ) பொது மயானத்தைத் தடுக்கறதைக் குற்றம்னுதான் சொல்லுது. முதல்ல பாதை. சிலை அப்புறம்.

சுதைவேலை:
பாலாற்றங்கரை தோழருக்கு அப்புறம் வர்றேன். ராணிப்பேட்டை பக்கம் நடந்ததைச் சொல்லணும். காலையில் சிலையோட ஆள்காட்டி விரல் தரையில் கிடந்தது. மறியல், பஸ் நின்னுபோச்சு. ஆனா உடைஞ்ச வாயில் கம்பியைச் சுத்திப் பழுப்பா பழைய துரு. முறிவு உள்ளேயிருந்து வந்திருக்கு.

நீட்டின கைதான் சிமென்ட் சிலையில் பலவீனமான இடம். விரல் கனம் ஒரு அங்குலம் கூட இருக்காது, நடுவில் 6 மி.மீ. கம்பி, சுத்தி ஒரு செ.மீ.க்கும் கம்மியா சிமென்ட். மழைத்தண்ணி இறங்கினா துரு ஊதும், முடி அளவு விரிசல் விடும். ஜெயந்திக்கு வருஷா வருஷம் எனாமல் அடிக்கும்போது அந்த விரிசல் மறைஞ்சுடும், உள்ளே வேலை நடந்துகிட்டே இருக்கும். விரலுக்கும் மணிக்கட்டுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கேளுங்க. பெயின்ட் அடிக்கும் முன்னாடி பழசைச் சுரண்டிப் பாருங்க.

வேணும்னே உடைக்கிறவங்க இல்லைன்னு சொல்லல. இருக்காங்க, அந்த வழக்கு நிக்கணும்னுதான் சொல்றேன். உடைஞ்சதைக் கழுவாதீங்க, ஒட்டாதீங்க. பக்கத்தில் ஸ்கேல் வெச்சு நாலு பக்கமும் படம் எடுங்க. புதுசா உடைஞ்ச வாய் ஒரே சாம்பல் நிறமா இருக்கும், சுத்தியல் பட்ட தழும்பும் தெரியும். புகாரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(t) பிரிவை எழுதுங்க. மக்கள் உயர்வா மதிக்கிற பொருளைச் சேதப்படுத்துறது அது, சிலையும் படமும் அதில் அடங்கும். விசாரணை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் செய்யணும். இன்ஸ்பெக்டரே முடிச்சுட்டா, எதிர்த் தரப்பு வக்கீல் முதல்ல பிடிக்கிற ஓட்டை அதுதான்.

சிலையைச் சுத்திக் கூண்டு போடறதா இருந்தா சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கட்டும்.

செங்கம் ரோடு:
கூண்டே வேண்டாம் என்பேன். தலைவரைச் சிறை வைத்த மாதிரி இருக்கிறது.

நம் ஊர்ப்பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுகிற கற்களில் பல, செத்த வீரனுக்கு நட்ட நடுகல்தான். செங்கத்து நடுகற்களைப் படித்துப் பாருங்கள்: எந்த அரசனின் எந்த ஆண்டு, யாருடைய ஆள், எந்தத் தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான், எல்லாம் இருக்கும். பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் கல் வீரனோடு நின்ற நாய்க்கும் பெயர் எழுதியிருக்கிறது, கோவிவன் என்று. இன்றைக்கு நாம் வைக்கும் கல்லிலோ திறந்து வைத்தவர் பெயர் பெரிதாக, செத்தவர் பெயர் கடைசி வரியில் அல்லது அதுவும் இல்லாமல். 1968-ல் கீழ்வெண்மணியில் எரிந்துபோன 44 பேரும் அங்கே பெயரோடு நிற்கிறார்கள். அப்படி வெட்டுங்கள். பெயர், வயது, தேதி, வழக்கு எண். பளிங்குப் பலகையைச் சிமென்டில் ஒட்டினால் சில மழைக்காலத்தில் கழன்றுவிடும். கருங்கல்லிலேயே ஆழமாக உளியால் வெட்டினால் பெயின்ட் போனாலும் எழுத்து போகாது.

பாலாற்றங்கரை, ‘சிலை அப்புறம்’ என்கிறீர்கள். செங்கல்பட்டு பக்கம் காரணையில் பஞ்சமி நிலம் (பிரிட்டிஷ் காலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலம்) கேட்டவர்கள் முதலில் வைத்ததே அம்பேத்கர் சிலையைத்தான். அதை அகற்றியதற்கு எதிரான போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10-ல் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். சிலை அங்கே நிலத்துக்கான உரிமைக்குரல்.

பாலாற்றங்கரை:
காரணையில் நிலம் அவங்களுது, அதனால சிலைக்கு அர்த்தம் இருந்துச்சு. நான் சொல்றதும் அதேதான். வண்டிப்பாதையில் வெச்சுட்டுச் சாக்கு போர்த்தறதுக்குப் பதிலா, ஊரில் டி.சி. நிலம் (பஞ்சமி நிலத்துக்குப் பதிவேட்டில் இருக்கிற பேர்) இருக்கான்னு முதல்ல பார்க்கணும். இப்போ இருக்கிற அ-பதிவேடு (ஊர் நிலங்களோட அடிப்படைப் பதிவேடு) மட்டும் போதாது, யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிச்ச திட்டம்) சமயத்தில் நிறைய பதிவு மாறிப்போச்சு. அதுக்கு முந்தின செட்டில்மென்ட் பதிவேட்டில் அதே புலத்துக்குப் பழைய சர்வே எண் பிடிச்சு ஒப்பிடணும். தாலுகா ஆபீஸில் ‘பழசு இல்லை’ன்னா வாயால சொன்னதை ஏத்துக்காதீங்க. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்க, 30 நாளில் எழுத்துல பதில் வரணும். ‘இல்லை’ன்னு எழுத்துல வந்தாலும் மேல்முறையீட்டுக்கு அந்தக் காகிதம் வேணும்.