பழைய சேகரிப்பின் சிக்கிமுக்கிக் கருவிகள்: நுண்நோக்கியில் வைக்கும் முன் அமிலத்தில் கழுவலாமா?

வெட்டுமுனை:
ஹாக்ஸ்ன், ஸ்வான்ஸ்கோம்ப், கிளாக்டன் போன்ற இங்கிலாந்து ஊர்களின் கற்கருவிகள் எந்த வேலைக்குப் பயன்பட்டன என்று விளிம்பின் மெருகைப் பார்த்து ஆராய்ந்த தொல்லியலாளர் லாரன்ஸ் கீலி 1980இல் வெளியிட்ட கழுவும் முறையே போதும் என்பது என் கட்சி. முதலில் சோப்புநீர், பிறகு வெதுவெதுப்பான 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், கடைசியில் 20 முதல் 30 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். விரல் எண்ணெய் படிந்த விளிம்பு 200 மடங்குப் பெருக்கத்தில் பளபளக்கும். அதைத் தோல் சுரண்டியதால் வந்த மெருகு என்று படித்துவிட்டால் ஆய்வே பாழ். உண்மையான மெருகு கல்லின் மேற்பரப்பே மாறிய நிலை, கழுவினால் போகாது. நூறாண்டாகப் பலர் கைபட்ட கல்லில் அழுக்கைத் தவிர வேறென்ன மிஞ்சியிருக்கும்?

பேழைக்காவல்:
என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்காமலே கழுவுவதைத்தான் எதிர்க்கிறேன், நண்பரே. அமிலத்தைவிடக் காரம் ஆபத்தானது. பிஎச் 9ஐத் தாண்டி ஏற ஏற, சிக்கிமுக்கிக் கல்லின் மூலப்பொருளான சிலிக்கா வேகமாகக் கரையும். நீங்கள் படிக்க விரும்பும் மெருகும் அதே சிலிக்காதான். வெண்படலம் ஏறிய சிக்கிமுக்கிக் கல்லில் நுண்துளைகள் அதிகம். உள்ளே போன காரம் அலசினாலும் முழுதாக வெளியேறாது, காய்ந்தபின் உப்பாகப் பூக்கும்.

அடுத்தது கல்லின்மேல் மையால் எழுதிய பதிவெண். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்த பழைய இரும்பு மை அமிலத்தில் வெளுத்துவிடும். இந்தியன் மையின் கரி கரையாது, ஆனால் அதைப் பிடித்துவைத்திருக்கும் அரக்கு காரத்தில் கரைந்து எழுத்து உதிரும். எண் போனால் கண்டெடுத்த இடம் போனது. பிறகு அது வெறும் கல்.

வெட்டுமுனை:
எண்ணைப் படமெடுத்துக்கொண்டு திரும்ப எழுதலாமே. வேலை செய்த விளிம்பைத் தவிர்த்து, அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை ஒரு பூச்சு பூசி, மேலே மை, அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. ஸ்வான்ஸ்கோம்ப் போன்ற சரளைக் குழிகளில் தொழிலாளர் பொறுக்கிச் சேகரிப்பாளருக்கு விற்ற கைக்கோடாரிகள் ஏராளம். ஆற்றில் உருண்டு, பிறகு தூரிகையால் தேய்க்கப்பட்டவை. அவற்றில் அக்காலத்தில் ஒட்டிய பிசின், மாவுச்சத்து என்று தேடுவது வீண்.

பேழைக்காவல்:
மாவுச்சத்தை விட்டுவிடுவோம், ஏற்கிறேன். பவுடர் பூசிய கையுறையின் சோளமாவே அங்கே ஒட்டியிருக்கும். பிசின் கதை வேறு. நெதர்லாந்தின் ஸாண்ட்மோட்டர் கடற்கரையில் 2016இல் கிடைத்த சிக்கிமுக்கிச் செதில், வடகடலிலிருந்து வாரி இறைத்த மணலோடு வந்தது. அவ்வளவு புரண்டும் சுமார் 50,000 ஆண்டுப் பழமையான பிர்ச் மரப்பட்டைத் தார் அதில் ஒட்டியே இருந்தது. அதையும் ‘பழைய வார்னிஷ்’ என்று நினைத்து யாராவது அசிட்டோனால் துடைத்திருந்தால்? எந்தத் திரவமும் படுமுன் 10 முதல் 50 மடங்கில் இருபக்கமும் பார்த்துப் படமெடுங்கள். கறை தெரிந்தால் அந்தக் கருவியைத் தனியே வையுங்கள்.

கல்மெருகு:
இடையில் ஒன்று. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள, புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்புக்கு இந்தப் பேச்சை அப்படியே பொருத்த வேண்டாம். அங்குள்ள பழைய கற்காலக் கைக்கோடாரிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற படிகப் பாறை. படிகமுகங்கள் தாமாகவே மின்னுவதால் மெருகைப் பிரித்தறிவது இன்னும் கடினம். இரண்டு வகைக் கல்லுக்குமே அளவெடுக்க எஃகு காலிப்பர் வேண்டாம், பிளாஸ்டிக் போதும்; எஃகு உரசிய சாம்பல் கோடு நுண்நோக்கியில் குழப்பும். தாங்கிப் பிடிக்கப் பிளாஸ்டிசின் என்ற விளையாட்டுக் களிமண்ணும் வேண்டாம், எண்ணெய் விடும்.

வெட்டுமுனை:
காரத்தை விட்டுக்கொடுக்கிறேன். விரல் எண்ணெய்க்கு எத்தனாலில் நனைத்த பஞ்சு போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் விளிம்பில் சுண்ணாம்புப் பொருக்கு ஏறியிருந்தால் அமிலமில்லாமல் எதைப் படிப்பது?

பேழைக்காவல்:
முழுக்க முக்காதீர்கள். முதலில் வாலைவடிநீரில் ஊறவையுங்கள், துளைகள் நீரால் நிரம்பட்டும். பிறகு நீர்த்த அமிலத்தைப் பொருக்கின் மேல் மட்டும் சொட்டுச் சொட்டாக. நுரைப்பது நின்றதும் அலசி, அலசிய நீரில் நீல லிட்மஸ் தாள் சிவப்பது நிற்கும் வரை நீரை மாற்றுங்கள். காவிக்கறையோ எலும்புத்துகளோ பக்கத்தில் இருந்தால் அதுவும் கூடாது. இரண்டையும் அமிலம் தின்னும்.

வெட்டுமுனை:
அப்படியானால் பாதி விளிம்புகள் படிக்கப்படாமலே கிடக்கும். அதை என்னால் ஏற்க முடியாது. ஒரே குழியிலிருந்து வந்த நூறு செதிலில் பத்தையாவது முழுதாகக் கழுவ அனுமதி தர வேண்டும்.

பேழைக்காவல்:
பத்துக்கு ஒப்புக்கொள்கிறேன், கறை எதுவும் பதிவாகாத பத்தாக இருந்தால்.