கார்த்தேஜ் துறைமுகம்: 220 கப்பலா, 170 கப்பலா?

மண்வெட்டி:
நேற்று பழையஏடு எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் ரோமுக்குப் பகையாக இருந்த பழைய நகரமான கார்த்தேஜின் வட்டத் துறைமுகத்தில் 220 போர்க்கப்பல்களுக்குக் கொட்டகை இருந்ததாம், சந்தேகமே இல்லையாம். இருக்கிறது ஐயா! 1970களில் ஹென்றி ஹர்ஸ்ட் தலைமையில் பிரிட்டிஷ் அகழாய்வுக் குழு துறைமுகத்தின் நடுத்தீவைத் தோண்டியது. தீவில் 30, சுற்றுக்கரையில் மிஞ்சிப்போனால் 140 என்றுதான் கணக்கு வந்தது. மீதி 50 எங்கே?

பழையஏடு:
ரோமப் பேரரசு கால வரலாற்றாசிரியர் அப்பியன் 220 என்று எழுதியிருக்கிறார். நடுவில் தீவு என்றார், தீவு இருக்கிறது. சுற்றிலும் கொட்டகை என்றார், அதுவும் கிடைத்தது. எண்ணில் மட்டும் பொய் சொன்னாரா?

மண்வெட்டி:
நகரம் அழிந்து ஏறத்தாழ 300 ஆண்டு கழித்து எழுதியவர் அவர். ஒரு கொட்டகையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

பழையஏடு:
கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் பார்த்தார். கி.மு. 146இல் கார்த்தேஜ் எரிந்தபோது ரோமத் தளபதி ஸ்கிப்பியோவின் பக்கத்தில் நின்றவர். அப்பியனுக்கு அவர்தான் மூலம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மண்ணைக் கிளறுவதோடு கொஞ்சம் ஏட்டையும் புரட்டுங்கள்.

மண்வெட்டி:
புரட்டியாயிற்று. நீங்கள் கணக்குப் போடுங்கள். துறையின் விட்டம் சுமார் 325 மீட்டர், சுற்றளவு 1,020. உங்கள் 220இல் தீவின் 30 போக, அதில் 190 கொட்டகை என்றால் ஒன்றுக்கு ஐந்தரை மீட்டர்கூட வராது. கப்பலே அந்த அகலம். சுவரை எங்கே வைப்பது? அப்பியன் சொல்லும் இரண்டிரண்டு தூண்களை எங்கே நடுவது? கப்பல் உள்ளே வரும் வாயை இன்னும் கழிக்கவே இல்லை.

வழிப்போக்கன்:
ஒரு சந்தேகம். ரோமோடு செய்த கி.மு. 201 உடன்படிக்கைப்படி கார்த்தேஜ் 10 போர்க்கப்பல்தான் வைத்துக்கொள்ளலாம். தோண்டியெடுத்த கொட்டகைகள் அதற்குப் பிந்தையவை என்கிறார்கள். 170 ஆனாலும் ரோம் எப்படிச் சும்மா இருந்தது?

பழையஏடு:
அது வேறு விஷயம். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸின் ஜீயா துறையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கப்பல் ஏற்றும் நீளக் கொட்டகைகள் உண்டு. இங்கேயும் அப்படி இருந்தால் 220 தாராளமாக வரும்.

மண்வெட்டி:
"இருந்தால்"! தோண்டிய இடத்தில் அப்படி ஒன்றைக் காட்டுங்கள். ரோமானியர்களின் கடைசி முற்றுகையின்போது புது வாய் வெட்டி வெளியே வந்தவை 50 மூவரிசைத் துடுப்புக் கப்பல்கள் என்று உங்கள் அப்பியனே சொல்கிறார்.

பழையஏடு:
அவை பழைய மரத்தை வைத்து அவசரமாகக் கட்டியவை. கொட்டகைக்கு இடம் இருந்தது வேறு, கப்பல் இருந்தது வேறு. இதுகூடத் தெரியாமலா வாதாடுகிறீர்கள்?

உப்புக்காற்று:
எத்தனை இருந்தால் என்ன, ரோமானியர்கள் உப்பைத் தூவி மண்ணையே கெடுத்துவிட்டார்களே.

மண்வெட்டி:
உப்புக் கதையை எந்தப் பழைய ஆசிரியரும் சொல்லவில்லை. பிற்காலத்தில் ஒட்டியது. தயவுசெய்து இங்கே கொண்டுவராதீர்கள்.

பழையஏடு:
பழைய நூல் சொல்லாததும் பொய், சொன்னதும் பொய். நல்ல நியாயம்!

மண்வெட்டி:
போன மாதம் யூதேயாவின் சிசேரியா துறைமுகம் பிரேயஸைவிடப் பெரியது என்று பழைய யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸை வைத்து மல்லுக்கு நின்றவர்தானே நீங்கள்? அளவைக் காட்டியதும் நாலு நாள் ஆளையே காணோம்.

பழையஏடு:
ஊரில் திருமணம். உங்களுக்குப் பயந்து யாரும் ஓடவில்லை. 220.

மண்வெட்டி:
ஐந்தரை மீட்டருக்குப் பதில் சொல்லிவிட்டு 220 என்று எழுதுங்கள்.

வழிப்போக்கன்:
அந்த 10 கப்பல் உடன்படிக்கை பற்றி யாராவது...

பழையஏடு:
பொலிபியஸ் அங்கே நின்றார். ஹர்ஸ்ட் நிற்கவில்லை.