அட்டாக் சர்ஃபேஸ்: மேற்பரப்பா, காப்பிடமா, முகமா?

தக்கலை வாத்தியார், ஞாயிறு இரவு

கணினிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவினருக்கு வணக்கம்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சனிக்கிழமைதோறும் கணினிப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்திட்டம் எதுவும் கிடையாது. "ஹேக்கிங் கத்துத்தாங்க சார்" என்று வந்து நின்றவர்கள்தான். முதலில் காவல், அதற்கும் முதலில் எதையெல்லாம் காக்க வேண்டும் என்ற கணக்கு என்று சொல்லி உட்கார வைத்தேன். அந்தக் கணக்குக்கு அட்டாக் சர்ஃபேஸ் என்று பெயர். பலகையில் 'தாக்குதல் மேற்பரப்பு' என்று எழுதினேனோ இல்லையோ, பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "மேற்பரப்புன்னா ஸ்கிரீனா சார்? டெம்பர்டு கிளாஸ் ஒட்டினா போதுமா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்து யோசித்தால் தப்பு அவன் மேல் இல்லை. குளத்தின் மேற்பரப்பில் பாசி படரும், நிலவின் மேற்பரப்பில் பள்ளம் இருக்கும். தமிழில் அந்தச் சொல் மேலே விரிந்து கிடக்கும் ஒரு தோலைத்தான் காட்டுகிறது. நமக்கு வேண்டியதோ, வெளியாள் கைவைத்துப் பார்க்கக்கூடிய அத்தனை இடங்களின் மொத்தம்.

அன்று வகுப்பில் செய்ததைச் சொல்கிறேன், சொல் தேட உதவும். பழைய விண்டோஸ் கணினி ஒன்றில் கருப்புத் திரையைத் திறந்து இணைப்புகளைக் காட்டும் 'நெட்ஸ்டாட்' கட்டளையை 'ஏஎன்' சேர்த்து அடிக்கச் சொன்னேன். 'லிசனிங்' (அழைப்புக்குக் காத்திருக்கிறது) என்று முடியும் வரிகளை மட்டும் நோட்டில் எழுதச் சொன்னேன். 23 வரி வந்தது. 127.0.0.1 என்று தொடங்குபவை வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது. 0.0.0.0 என்று தொடங்குபவை தெருவைப் பார்த்த கதவுகள். அதில் 445ஆம் எண் கதவு கோப்புப் பகிர்வு, 3389 தூரத்திலிருந்து திரையைப் பிடிப்பது. இன்னொன்று, எப்போதோ கணினியைச் சரிசெய்ய வந்தவர் தம் வசதிக்குப் போட்டுவிட்டு எடுக்க மறந்த மென்பொருள். "இதில் எது நமக்கு வேணும்?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஒன்றிரண்டைத் தவிர எனக்கும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் பட்டியல் நீண்டது. யுஎஸ்பி துளை, சுவரில் ஒட்டியிருக்கும் வைஃபை கடவுச்சொல், மின்னஞ்சல், கடைசியாக நான். வங்கியிலிருந்து பேசுவதாக யாராவது அன்பாகக் கேட்டால் ஓடிபியைச் சொல்லிவிடக்கூடிய ஆள் என்பதால் நானும் பட்டியலில் உண்டு. இவ்வளவும் சேர்ந்ததுதான் அட்டாக் சர்ஃபேஸ். இதை மேற்பரப்பு என்றால் எந்தப் பிள்ளைக்குப் புரியும்?

என் பரிந்துரை காப்பிடம். குறளில் அரண் அதிகாரத்தின் 744ஆம் குறள் 'சிறுகாப்பு' என்கிறது. காவல் போட வேண்டிய இடம் சிறியதாகவும் உள்ளே புழங்கும் இடம் பெரியதாகவும் இருக்க வேண்டும் என்பது பொருள். இன்றைக்குப் பாதுகாப்புக்காரர்கள் அட்டாக் சர்ஃபேஸைக் குறை என்று ஓயாமல் சொல்வதும் இதைத்தான். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் தம்பி, திங்கள் காலை

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். அட்டாக் சர்ஃபேஸ் என்றே சொல்லிவிட்டுப் போகலாமே? நாளைக்கு இந்தப் பிள்ளைகள் வேலைக்கு நேர்காணல் போனால் 'காப்பிடம்' என்றா சொல்வார்கள்? ஃபயர்வாலைத் தீயரண் என்று எழுதுகிறோம், கடையில் போய் யாரும் தீயரண் கேட்பதில்லை.

அருமனை அக்கா, திங்கள் மதியம்

தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு என் கதையைக் கேளுங்கள்.

ரப்பர் ஷீட் காயப்போடும் இடத்தில் இரண்டு முறை திருட்டு. மூன்றாவது முறை நடக்கக் கூடாது என்று நாலு கேமராவும் காட்சியைப் பதிவுசெய்ய ஒரு டிவிஆர் பெட்டியும் வைத்தோம். மாட்டித் தந்தவர், கைப்பேசியில் எங்கிருந்தும் பார்க்கலாம் என்று சொல்லி ரௌட்டரில் ஏதோ மாற்றினார். பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். ஆறேழு மாதம் கழித்து ஒரு ராத்திரி கேமரா தானாகத் திரும்புகிறது. பல்லிதான் ஏதோ தட்டிவிட்டது என்று அம்மா சொன்னார்கள். நானும் நம்பினேன்! அக்கா மகன் விடுமுறைக்கு வந்து பெட்டியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத முகவரிகளிலிருந்து வரிசையாக ஆட்கள் உள்ளே வந்து போயிருக்கிறார்கள். திருடனைப் பிடிக்க வைத்த கண் வழியாகவே வீட்டைப் பார்த்திருக்கிறார்கள்.

பிறகுதான் மிராய் பற்றிப் படித்தேன். 2016இல் அந்த நிரல் உலகம் முழுக்க இப்படிப்பட்ட கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் டெல்நெட் கதவு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, தொழிற்சாலையில் போட்டுத் தரும் 60க்கு மேற்பட்ட பெயர், கடவுச்சொல் சோடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பது, அவ்வளவுதான். அப்படிச் சேர்த்த பெட்டிகளை வைத்து அந்த வருடம் அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டிக்கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தை அடித்ததில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்காமல் போயின.

எதற்குச் சொல்கிறேன் என்றால், கேமரா மாட்டிய அன்று "அக்கா, இது உங்க அட்டாக் சர்ஃபேஸைக் கூட்டும்" என்று யாராவது சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுச் சாயா போடப் போயிருப்பேன். "தெருப்பக்கம் இன்னொரு வாசல் வைக்கிறோம்" என்று சொல்லியிருந்தால் பூட்டு எங்கே என்று கேட்டிருப்பேன். தமிழ் வேண்டியது நேர்காணலுக்குப் போகும் பிள்ளைக்கு அல்ல தம்பி, எனக்கு.

ஆனால் சார், காப்பிடம் சரிவராது. காப்பகம் மாதிரி ஒலிக்கிறது. "உங்கள் காப்பிடத்தைக் குறையுங்கள்" என்றால் பாதுகாப்பான இடத்தை ஏன் குறைக்கணும் என்று தோன்றும். வேண்டியதற்கு நேர் எதிர். வாசல் என்றே வைத்தால் என்ன?

குளச்சல் அண்ணாச்சி, செவ்வாய் விடியற்காலை

போன மாதம், ஏமாற்றி ரகசியத்தைக் கறக்கும் ஃபிஷிங்குக்குத் தூண்டில் என்று நீங்கள் எல்லாரும் கை தூக்கியபோது நான் முணுமுணுத்தது நினைவிருக்கும். எங்கள் கரையில் தூண்டில் வளைவு என்றால் கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டுவது. தடுப்பதற்கும் பிடிப்பதற்கும் ஒரே பெயரா என்று கேட்டேன், யாரும் காதில் வாங்கவில்லை. சரி, அது போகட்டும்.

வாசல் நல்ல சொல்தான். ஆனால் வாசல் என்பது நாம் கட்டி வைத்தது. சாருடைய பட்டியலில் சுவரில் ஒட்டிய காகிதம் இருக்கிறது, சாரே இருக்கிறார். அவரை வாசல் என்பதா? இன்னொன்று. வாசல் என்றால் உள்ளே வருவதுதான் மனதில் நிற்கும். அட்டாக் சர்ஃபேஸில் தகவல் வெளியே ஒழுகும் இடங்களும் சேர்த்தி.

எங்களுக்குப் பொழிமுகம் தெரியும். ஆறு கடலைத் தொடும் இடம். வெயில் காலத்தில் மணல் மூடிக் கிடக்கும், மழை வந்தால் பொழி வெட்டி விடுவார்கள். திறந்தால் ஆற்று வெள்ளம் வெளியே போகும், ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். இரண்டு போக்குக்கும் ஒரே இடம். துறைமுகம், கழிமுகம், போர்முகம் எல்லாமே இப்படி ஒன்று இன்னொன்றை எதிர்கொள்ளும் இடம்தான். 1741இல் டச்சுக்காரன் வந்து மோதியதும் எங்கள் ஊர்க் கடல்முகத்தில்தான். ஆகவே தாக்குமுகம். நெட்வொர்க் போர்ட்டுக்கு ஏற்கெனவே துறை என்கிறோம், துறைக்கு முகம் பொருந்தும்.

நாகர்கோவில் தம்பி, செவ்வாய்

அண்ணாச்சி, தாக்குமுகம் என்றால் தாக்குகிற முகம், அதாவது ஹேக்கரின் மூஞ்சி என்று அர்த்தம் வருதே?

தக்கலை வாத்தியார், புதன் இரவு

தம்பி கேட்டது நல்ல கேள்வி, வேண்டுமென்றே வம்புக்குக் கேட்டிருந்தாலும். ஆடுகளம் என்கிறோம், களமா ஆடுகிறது? உண்கலம் என்கிறோம், கலமா உண்கிறது? தாக்கு என்ற வினைப்பகுதி முகத்தோடு ஒட்டும்போது தாக்கும் முகம், தாக்கப்படும் இடமான முகம் இரண்டும் இலக்கணப்படி வரும். எது என்பதைப் பழக்கம் தீர்மானிக்கும். இன்னொரு லாபமும் உண்டு. வினைத்தொகை மூன்று காலத்துக்கும் பொது. நேற்று தாக்கியது, இன்று தாக்குவது, நாளை தாக்கக்கூடியது எல்லாம் ஒரே சொல்லில் அடங்கும். அட்டாக் சர்ஃபேஸில் இதுவரை யாரும் தொடாத இடமும் கணக்கில் வரும் அல்லவா? ஆங்கிலத்தில் இதைத் தனியாக விளக்க வேண்டும்.

பெயருக்கும் பொருளுக்கும் முழுப் பொருத்தம் தேடினால் கன்னியாகுமரி பக்கத்து வட்டக்கோட்டைக்கு முதலில் பெயர் மாற்ற வேண்டும். அது ஏறக்குறைய செவ்வகம்.

சொல்லை வகுப்பில் ஓட்டிப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று நினைத்தேன். சனிக்கிழமைவரை பொறுமை இல்லை, நாலு பிள்ளைகளை இன்றைக்கே கூப்பிட்டு, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை நிரலின் கதையைச் சொன்னேன். விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு நிரலில் ஓட்டை இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று அடைப்பு வெளியிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை கிளம்பியது. இரண்டு மாதம் அவகாசம் இருந்தும் அடைப்பைப் போடாதவர்கள் ஏராளம். பிரிட்டனில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின.

இங்கேதான் பிள்ளைகள் எப்போதும் குழம்புவார்கள்: ஓட்டை வேறு, தாக்குமுகம் வேறு. நாஞ்சில்நாட்டுக் குளக்கரையை வைத்துச் சொன்னேன். மடை, மறுகால், படித்துறை, கரையில் தண்ணீர் படும் பக்கம் முழுவதும் தாக்குமுகம். அதில் நண்டு போட்ட வளைதான் ஓட்டை. வளை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. கரையின் அந்தப் பக்கம் ஈரம் கசிந்து மண் சொதசொதவென்று ஆனபிறகுதான் தெரியும், களிமண்ணை உருட்டி அடைப்போம். அடைப்பதற்குக் கணினியில் பேட்ச். ஆனால் தண்ணீரே படாத கரையில் ஆயிரம் வளை இருந்தாலும் குளம் வடியாது. வான்னாக்ரை அன்று 445ஆம் துறையை வெளியுலகுக்கு மூடி வைத்திருந்தவர்களுக்கு ஓட்டை அப்படியே இருந்தது, வெளியிலிருந்து நேரே வந்து தொட வழி இல்லை. உள்ளே இன்னொரு கணினி வழியாக வந்தால் மாட்டுவார்கள், அது தனிக் கதை. அதனால் இரண்டு வேலையும் வேண்டும்.

கேட்டுவிட்டு அந்த டெம்பர்டு கிளாஸ் பையனே சொன்னான்: "அப்போ பேட்ச் வர்றவரைக்கும் முகத்தைச் சுருக்கி வைக்கலாம், இல்லையா சார்?" முகம் சுருக்குதல்! அட்டாக் சர்ஃபேஸ் ரிடக்‌ஷனுக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தோன்றவில்லை. முகஞ்சுளிப்பு மாதிரி இருக்கிறது என்று தம்பி எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

காப்பிடத்தை விட்டுவிடுகிறேன். வருத்தம்தான். அருமனை அக்காவின் 'வாசல்' வீணாகாது. தாக்குமுகம் என்ற மொத்தத்துக்குள் தனித்தனி நுழைவிடம் ஒவ்வொன்றையும் வாசல் என்றே எழுதப் போகிறேன். தம்பியின் நேர்காணல் கவலைக்கும் வழி உண்டு. என் குறிப்பேட்டில் தாக்குமுகம் முதலில் வரும் இடத்தில் அட்டாக் சர்ஃபேஸ் என்ற பெயரையும் சொல்லிவிடுவேன்.

பிள்ளைகள் எங்கே தொடங்குவது என்று அக்கா தனி மடலில் கேட்டிருந்தார், பலருக்கும் உதவும் என்பதால் இங்கேயே. கருவிகளில் தொடங்க வேண்டாம். ஹேக்கிங் கருவிகள் நிறைந்த காளி லினக்ஸ் இறக்கியவுடன் பெரிய ஆள் ஆகிவிட்டதாக நினைப்பு வந்துவிடும், எனக்கே வந்தது. தன் கைப்பேசி, வீட்டு ரௌட்டர், மின்னஞ்சல் மூன்றுக்கும் தாக்குமுகத்தை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். வேண்டாததை மூட, கடவுச்சொல்லை நீளமாக்க, இரண்டாம் படிச் சரிபார்ப்பைப் போட, முக்கியக் கோப்புகளுக்கு இணையத்தில் சேராத ஒரு நகல் வைக்க ஒரு மாதம் போகும். அதன்பின் லினக்ஸ் கட்டளைகளுக்கு ஓவர்தவயரின் பேண்டிட் விளையாட்டு, புதிர்களுக்கு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிகோசிடிஎஃப். இரண்டும் காசில்லாமல் கிடைக்கும். பாக்கெட் என்ற தகவல் துண்டுகள் எப்படிப் போகின்றன என்று வயர்ஷார்க் மென்பொருளில் சும்மா உட்கார்ந்து பார்ப்பதில் கற்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

ஒன்றில் மட்டும் நான் கறார். சொந்தப் பெட்டியைத் தவிர வேறெதையும் தட்டிப் பார்க்கக் கூடாது. பக்கத்து வீட்டு வைஃபை ஆனாலும் சரி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66இல் மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் பறிபோன வழக்கு என்றால் யோசிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இந்த எண்ணைப் பலகையின் மூலையில் நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறேன்.

தாக்குதல் வரும் வழியான அட்டாக் வெக்டரை அடுத்த வாரம் எடுப்போம். அண்ணாச்சி தூண்டிலோடு வரட்டும்.

அருமனை அக்கா, வியாழன்

தாக்குமுகத்துக்கு என் ஓட்டு. நேற்று ராத்திரி அக்கா மகனைக் காணொளியில் கூப்பிட்டு, ரௌட்டரில் வெளியே திறந்து விட்டிருக்கும் துறைகள் என்ற பக்கத்தைத் திறந்தேன். நாலு வரி. மூன்று டிவிஆர் பெட்டியுடையது, அழித்துவிட்டேன். நாலாவது என்ன என்று அவனுக்கும் தெரியவில்லை. படம் எடுத்து சாருக்கு அனுப்பியிருக்கிறேன். கேமராவை நிறுத்தி வைத்திருக்கிறோம், ஷீட் காயப்போடும் இடத்தில் இப்போதைக்கு நாயைக் கட்டியிருக்கிறோம்.