கலைச்சொல்: பலகைத் தரைக்கு 'வெள்ளையடிப்பு' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பலகைத் தரையை வெளிற வைத்து, மரத்தின் ரேகை தெரியும்படி வெள்ளைச் சாயல் கொடுக்கும் வேலைக்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் வந்த 'வெள்ளையடிப்பு' எனக்கு ஒப்பவில்லை. காரணம் அகராதியில் இல்லை, எங்கள் வீட்டு மெத்தையில், அதாவது மாடியில் இருக்கிறது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பழைய வீடு. மெத்தையில் ஓர் அறைக்கு மட்டும் தேக்குப் பலகைத் தரை. ஐப்பசி மழை ஒழுகி ஒழுகிக் கறுத்துப்போயிருந்தது. சித்திரையில் அதைச் சரிசெய்ய ஆசாரியைக் கூப்பிட்டு, "வெள்ளையடிக்கப் போறோம்" என்றேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "வெள்ளையடிக்கறதுக்குத் தேக்கு எதுக்குங்க?"

சரியான கேள்வி. இந்தப் பக்கத்தில் வெள்ளையடிப்பது என்றால் பொங்கலுக்கு முன்னால் சுவருக்குச் செய்வது. நீற்றிய சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து, அடுப்புக் கரி, எண்ணெய்ப் பிசுக்கு, பிள்ளைகள் கிறுக்கியது எல்லாம் தெரியாமல் அடிப்போம். மறைப்பதுதான் அதன் வேலை.

தரையில் நடப்பது வேறு. பழைய வார்னிஷைச் சுரண்டி, 60-ஆம் எண் உப்புத்தாள், பிறகு 120 என்று தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்காவிட்டால் பெயின்ட் பிடிக்காது. அப்புறம் வெள்ளை எமல்ஷனில் சரிபாதி தண்ணீர் கலந்து, ரேகை ஓடும் திசையிலேயே பூசி, காய்வதற்குள் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு நேரத்தில் ஒரு பலகைக்கு மேல் எடுக்க முடியாது. முதல் நாள் மூன்றை ஒன்றாகப் பூசினேன். மூன்றாவதைத் துடைக்கப் போவதற்குள் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிட்டது, மறுபடி உப்புத்தாள்தான். பூசுவதைவிடத் துடைப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. மேட்டில் இருக்கும் வெள்ளை போய்விடும், ரேகைப் பள்ளத்தில் இருப்பது தங்கும். வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பு தடவினால் நரம்பு எழுந்து தெரியுமே, ஏறக்குறைய அந்தத் தோற்றம்.

'சுதைப்பூச்சு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார், சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து. ஐரோப்பாவில் ஓக் மரத்தைப் பூச்சி அரிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தேய்த்ததிலிருந்துதான் இந்தப் பாணி வந்தது என்பது உண்மையே. பிறகு வெள்ளை நிறமி கலந்த மெழுகு வந்தது. இப்போது வீட்டில் செய்பவர்கள் சுண்ணாம்பைத் தொடுவதே இல்லை. தவிரவும், சுதை என்றவுடன் எங்கள் ஊரில் எல்லோரும் கோபுரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள்.

என் பரிந்துரை 'வெள்ளையூட்டல்'. செம்பஞ்சு ஊட்டிய பாதம் என்கிறோம், மெருகூட்டுகிறோம். உள்ளே இறங்குவதற்கு 'ஊட்டு' பொருத்தமான வினை. சாயமூட்டல், மெழுகூட்டல் என்று வரிசையாகச் சொற்களும் கிடைக்கும்.

மயிலாடுதுறையிலிருந்து மறுமொழி:

ஐயா, வினை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு சிக்கல். சலவைத்தூள் விளம்பரத்திலிருந்து காகித ஆலை வரை 'வெண்மையூட்டல்' ஏற்கெனவே புழங்குகிறது, கறையை நீக்கி வெளுப்பாக்குவது என்ற பொருளில். மரத்தையும் அப்படி இரசாயனம் போட்டு வெளுக்க வைப்பது உண்டு, அது தனி வேலை. வெண்மையூட்டல், வெள்ளையூட்டல் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் போட்டால் எந்தப் பெயின்டருக்கு வேறுபாடு புரியும்? நீங்களே மூன்று இடத்தில் ரேகை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் சொல்லில் வைக்கக் கூடாது? 'ரேகைவெள்ளை' எப்படி? ரேகை வடசொல் என்று யாராவது 'வரிவெள்ளை' கேட்பார்கள். அது வரிக்குதிரை மாதிரி இருக்கிறது, எனக்கு வேண்டாம்.

மீண்டும் நான்:

தோற்றேன். வெண்மையூட்டல் எனக்குத் தோன்றவே இல்லை. ஆசாரியிடம் 'ரேகைவெள்ளை' என்று சொல்லிப் பார்த்தேன், "அதான் தொடச்சு எடுக்கறோமே, ரேகையில மட்டும் நிக்குது" என்று விளக்கம் கேட்காமலே சொன்னார். வரிவெள்ளையை அவரிடம் சொல்லவில்லை, வீட்டு வரி என்று நினைத்துக்கொள்வார்.

வினைக்கு 'ஊட்டு' வேண்டாம், 'கொடு' போதும். பாலிஷ் கொடு, ஒரு கோட் கொடு என்றுதான் பட்டறையில் பேச்சு. ஆக, தரைக்கு ரேகைவெள்ளை கொடுத்தேன். மெழுகில் செய்தால் 'ரேகைமெழுகு'.

விளக்கக் குறிப்பில் இரண்டு விஷயம் சேருங்கள். ஒன்று, துடைத்தெடுப்பது என்ற சொல் கட்டாயம் வர வேண்டும், இல்லாவிட்டால் சாதாரண வெள்ளைப் பெயின்டுக்கும் இது பொருந்திவிடும். இன்னொன்று, கடைசியில் மேலே காப்புப் பூச்சாகக் கொடுக்கும் பாலியூரித்தேன் நீர்சார்ந்ததாக இருக்க வேண்டும். எண்ணெய்சார்ந்தது நாளாக ஆக மஞ்சளிக்கும். எங்கள் அறையில் கதவோரம் இரண்டு பலகைக்கு வீட்டில் மிச்சமிருந்த பழைய டப்பாவை அடித்துவிட்டேன். அந்த இரண்டு மட்டும் இப்போதே மோர் நிறத்திலிருந்து நெய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.