மறு: ஆவணம் ஒன்று சொல்ல, செயலாக்கம் வேறு செய்தால் அதற்கு என்ன பெயர்?

வணக்கம்,

தர ஆவணம் சொல்வதும், அதை நிறைவேற்றும் மென்பொருளான செயலாக்கம் செய்வதும் ஒத்துப்போகாத இடங்கள் எல்லாவற்றையும், நம் மொழிபெயர்ப்பில் ‘பிழை’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது எனக்கு ஒப்பவில்லை. கோப்பின் பெயரை நீக்கச் சொல்லி நிரல் இயங்குதளத்தைக் கேட்கும் அன்லிங்க் அழைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஓர் அடைவின் (கோப்புறையின்) பெயரைக் கொடுத்து, அது முடியாதென்றால் ‘அனுமதி இல்லை’ என்ற பிழைக்குறி வர வேண்டும் என்கிறது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தர ஆவணமான போசிக்ஸ். லினக்ஸோ 2.1.132 பதிப்பிலிருந்து ‘இது அடைவு’ என்றுதான் பதில் தருகிறது, அது போசிக்ஸ் சொன்ன மதிப்பு அல்ல என்று தன் கையேட்டுப் பக்கத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறது. தெரிந்தே செய்ததைப் பிழை என்று எழுதினால் யாராவது வழு பதியக் கிளம்பிவிடுவார்கள். இதற்கு ‘விலகல்’ போதும்.

அடுத்தது ஆவணமே வாய் திறக்காத இடம், சிக்கல் இங்கேதான். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்குக் காய் அனுப்பும் ஒரு மண்டிக்காரரின் கணினியைப் பார்த்துக்கொடுக்கிறேன். பழைய மேக்கிலிருந்து லினக்ஸுக்கு நகலெடுத்த அடைவில் ‘கொள்முதல்’ என்று இரண்டு கோப்புகள், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மேக்கின் கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ், ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்து இரண்டு யூனிகோட் குறியெண்களாக வைக்கும், லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கொடுத்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும், அங்கே புதிதாகத் தட்டிய பெயரில் அது ஒரே குறியெண். தோத்தாபுரி கணக்கு பாதி ஒன்றில், மீதி மற்றதில்! இரண்டு கோப்பு முறைமையையும் குற்றம் சொல்ல முடியாது, ஒரே எழுத்தின் இப்படிப்பட்ட இரு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கம் பற்றி போசிக்ஸில் பேச்சே இல்லை. அடைவைப் படிக்கும்போது பெயர்கள் எந்த வரிசையில் வரும் என்பதும் இப்படித்தான்.

இதற்கு ‘வரையறுக்கப்படாத’ என்று போடலாம் என்கிறீர்கள். அதைப் படிப்பவர், நிரல் உடைந்தாலும் கேட்க முடியாது போல என்று எடுத்துக்கொள்வார். அது வேறு வகை, போசிக்ஸே தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ‘விடுபட்ட’ என்றால் மறந்துபோன மாதிரி இருக்கிறது. ‘விட்டுவைத்த நடத்தை’ என்பது என் பரிந்துரை. அப்புறம், செயலாக்கம் தானே முடிவெடுத்து, எடுத்த முடிவை எழுதியும் வைக்க வேண்டிய வகை ஒன்று இருக்கிறதே, அதற்கு ‘செயலாக்கத் தெரிவு’.

அடைவுப் பக்கத்தின் மொழிபெயர்ப்பில் இந்த மூன்றையும் போட்டு இரவுக்குள் அனுப்புகிறேன். உறுத்தினால் அதற்குள் சொல்லுங்கள். ‘நடத்தை’யை வேண்டுமானால் மாற்றலாம், ‘விட்டுவைத்த’வை விடுவதாக இல்லை.